கடல் கடக்கையில் உதிர்ந்த அடைமொழி

எம்.ஆர்.ஐ. வழி அளந்த இதயத்துக்கான இயல்பு வரம்புகளை வகுத்து, பிரிட்டனின் யூகே பயோபேங்க் தரவிலிருந்து 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நோயற்றவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 800 பேர். வயது 45 முதல் 74 வரை. ‘காக்கேசியர்’ என்ற சொல் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. யாருடைய இதயத்தை அளந்தோம் என்பதை எழுதியவர்கள் மறைக்கவில்லை.

மறைப்பவர்கள் அதைக் கையாளுவோர். இத்தகைய ஐரோப்பிய எண்கள் இந்திய மருத்துவ அறிக்கையிலும் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் ஏறும்போது, ‘இயல்பு வரம்பு’ என்ற இரு சொற்களே எஞ்சுகின்றன. அடைமொழி உதிர்ந்த கணத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் அளவு மானுடத்தின் அளவாகிவிடுகிறது.

அடைமொழி இருந்தும் ஏமாற்றுவது உண்டு. 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘மெசா’ ஆய்வின் பெயரிலேயே ‘பல்லினம்’ இருக்கிறது. அதில் சேர்ந்த 6,814 பேரில் ஏறத்தாழ 5,000 பேருக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீனர் என நான்கு பிரிவினர். தெற்காசியர் என்றொரு பிரிவே இல்லை. அவர்களுக்கென ‘மசாலா’ என்ற தனி ஆய்வு 2010-இல்தான் தொடங்கியது. மாரடைப்பு இளவயதிலேயே தாக்கும் மக்கள் என்று பாடநூல்கள் ஓயாமல் சுட்டும் கூட்டத்துக்கு நேர்ந்த நிலை இது!

இதன் விளைவு வெறும் சொற்சிக்கல் அன்று. தெற்காசியரின் இடது கீழறை ஐரோப்பியருடையதைவிடச் சிறிது என்பதைப் பிரிட்டனில் நடந்த ஒப்பாய்வுகளே காட்டியுள்ளன. சிறிய அறை நோயால் விரியத் தொடங்கினாலும், பெரிய அறைக்கு வகுத்த மேல்வரம்பைத் தொடாமல் நிற்கக்கூடும். அறிக்கை ‘இயல்பு’ என்கிறது. நோயாளி வீடு திரும்புகிறார்.

உடற்பரப்பால் வகுத்தால் போதுமே என்பது வழக்கமான மறுமொழி. வகுத்த பின்னரும் வேறுபாடு முற்றாக மறைவதில்லை. இதய நிறை உயரத்தையும் தசையையும் கொழுப்பையும் வெவ்வேறு விதமாகப் பின்தொடர்கிறது. உடற்பரப்புச் சூத்திரமோ இவற்றை ஒரே எண்ணாகக் கலந்துவிடுகிறது.

இனத்தை இதயத்துக்குள் நுழைக்கலாமா என்ற மறுப்பு இன்னும் கனமானது. சிறுநீரகச் செயல்திறனைக் கணிக்கும் சூத்திரத்திலிருந்து இனக் காரணி 2021-இல் அமெரிக்காவில் நீக்கப்பட்டது, அது சரியே. ஆனால் இங்கே கேட்கப்படுவது இனக் காரணி அன்று. ‘இந்திய இதயம்’ என்பதும் இன்னொரு பொய்ப்பொதுமைதான். பஞ்சாப் உழவரையும் நாகாலாந்து நெசவாளரையும் அது ஒன்றாக்கிவிடும். அளக்கப்பட்டவர் யார், எந்த வயதினர், எவ்வூரினர் என்ற விவரம் எண்ணோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

வியப்பு என்னவெனில், இயந்திரத்துக்கு இந்த உரிமையைத் துறை எப்போதோ வழங்கிவிட்டது. இதயத் தசையின் டி1 நேரம் 1.5 டெஸ்லாக் கருவியில் ஏறத்தாழ 1000 மில்லிநொடி. 3 டெஸ்லாவில் 1200-ஐ ஒட்டி நிற்கும். ஆகவே ஒவ்வொரு மையமும் தன் கருவிக்கென உள்ளூர் இயல்பளவை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. காந்தத்துக்கு உள்ளூர் இயல்பு உண்டு. அதனுள் படுத்திருப்பவருக்கு இல்லை.

இந்தியத் தரவுத்தளம் எழுந்தாலும் அது யாரைக் கொண்டு எழும்? இதய எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு படவரிசைக்கும் பத்து வினாடியளவு மூச்சை அடக்க வேண்டும். கட்டளை சந்தாலி பேசுபவருக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒலித்தால் மூச்சு தவறும், படம் கலங்கும். கலங்கிய படம் ‘தரமற்றது’ என்று ஆய்விலிருந்து நீக்கப்படும். எஞ்சுவோர் பெருநகர மருத்துவமனையின் மொழி அறிந்தவர்கள். நிதி கோரும் விண்ணப்பங்களில் காந்தத்தின் வலிமைக்கும் மென்பொருளின் பெயருக்கும் பத்திகள் ஒதுக்கப்படுகின்றன. மூச்சுக் கட்டளை எம்மொழியில் வழங்கப்படும், நீக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்கள் யார் என்பவற்றுக்கும் அதே விண்ணப்பத்தில் பதில் கேட்கப்பட வேண்டும்.