ரிப்பேரை மட்டும் கைமாற்றாதீர்கள்

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்போது சொந்தக்காரர்கள் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெற்றோரும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே போய்விடுகிறார்கள். வீட்டுச் சாவி ஒரு புரோக்கரிடமோ, வாடகை வீடுகளைப் பராமரித்துத் தரும் நிறுவனத்திடமோ இருக்கிறது. குடித்தனக்காரரைத் தேடுவது, ஒப்பந்தம் எழுதுவது, வாடகை வசூல், ரிப்பேர் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீழ்வீட்டில் நான் இருக்கிறேன். மாடியில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறேன். “இந்த வயசுல எதுக்கும்மா பிளம்பர் பின்னாடி அலையறீங்க, எங்ககிட்ட விட்டுடுங்க” என்று என்னிடமும் கேட்டார்கள். நல்ல குடித்தனம் பிடித்துத் தந்தால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. ரிப்பேரை மட்டும் தரமாட்டேன். மற்ற வீட்டுக்காரர்களும் தரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் நாத்தனாரின் ஃபிளாட் மேடவாக்கத்தில் இருக்கிறது. அவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். பராமரிப்பை ஓர் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்திருந்தார். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று குடியிருந்த பெண் புகார் சொன்னார். ஆள் வந்து சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். பில் போனது, பணம் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் பெயின்ட் கொப்புளித்து உதிர்ந்தது. மறுபடியும் அதே வேலை, இன்னொரு பில்.

நாத்தனார் கேட்டுக்கொண்டதால் நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் பீரோவைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார். அதன் பின்னால் சுவரின் அடிப்பகுதியில் கருப்பாகப் பூஞ்சை. கைக்குழந்தை இருந்ததால் அந்த அறையையே பூட்டிவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தார்கள். முழு வாடகை கொடுத்துக்கொண்டுதான். ஓதம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது; அதற்கு மேலே சுவர் காய்ந்து கிடந்தது. சுவரின் மறுபக்கம் குளியலறை. எங்கள் பிளம்பரைக் கூட்டிப்போய், தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பின் வாயைத் துணியால் இறுக அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. ட்ராப்பைச் சுற்றியிருந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. டைல்ஸ் இடுக்கில் கிரௌட்டும் கரைந்துபோயிருக்கிறது. அதைச் சுற்றி நாலு டைல்ஸை எடுத்து, இணைப்பைப் புதிதாகப் போட்டு, எபாக்ஸி கிரௌட்டால் இடுக்குகளை அடைத்தார். பெயின்ட் அடித்த ஒரு தடவைச் செலவுகூட ஆகவில்லை. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டியும் பெயின்ட்டும்.

அந்த ஏஜென்ட்டைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். புகார் வந்தால் ஆள் அனுப்பவேண்டும், அனுப்பினார். அந்தச் சுவர் பத்து வருஷம் காய்ந்திருக்கவேண்டும் என்ற கவலை அவருக்கு ஏன் வரவேண்டும்? வீடு அவருடையது இல்லை. போகிற ஆளுக்கும் அன்றைய கூலி வந்தால் சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்து பார்க்க, வீட்டுக்குச் சொந்தக்காரரால்தான் முடியும். அல்லது அவர் சொல்லி அனுப்பியவரால்.

என் வீட்டில் மாடிக் குளியலறையைப் புதுப்பித்தபோது, சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால் கன்சீல்டு குழாய்கள் ஓடும் இடத்தையெல்லாம் போட்டோ எடுத்து வைத்தேன். ஒவ்வொரு படத்திலும் அளவுநாடாவைச் சுவரோடு பிடித்திருக்கிறேன்: தரையிலிருந்து எத்தனை அடி, கதவு நிலையிலிருந்து எத்தனை அடி என்று. பின்னால் ஒரு சமயம் கசிவு வந்தபோது ஒரே ஒரு டைல்ஸை உடைத்து வேலை முடிந்தது. புதிதாக வரும் ஆளாக இருந்தால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்திருப்பார்.

சட்டமும் பொறுப்பை நம் மேல்தான் வைத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீஸர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் வேலை. காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளும் சென்னை வழக்கத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஏஜென்ட் வைத்திருக்கும் வீடுகளிலும் இந்தப் பிடித்தம் நடக்கிறது. வீட்டுக்காரர் ரிப்பேர் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஏஜென்ட் இருக்கிறார் என்பதால் இந்தக் கடமை எதுவும் நம்மை விட்டுப் போவதில்லை.

“கைக்காசு போட்டு யார் செய்வது” என்று கேட்கிறவர்கள் வருமான வரிக் கணக்கைப் பார்க்கவேண்டும். வாடகை வருமானத்தில் நாம் கட்டிய சொத்து வரி போக மிஞ்சுவதில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். ரிப்பேர் பில் ஒன்றுகூடக் காட்டவேண்டாம். மாதம் 20,000 ரூபாய் வாடகை, ஆண்டுக்கு 6,000 ரூபாய் சொத்து வரி என்றால், கழிவு மட்டும் 70,200 ரூபாய். ஒரு ரூபாய் செலவழிக்காதவருக்கும் இது உண்டு. இந்தச் சலுகையை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு, ஒழுகும் கூரையின் கீழ் ஒரு குடும்பத்தை வைத்திருப்பது நியாயமே இல்லை.

மின்சாரத்தில் எனக்குப் பிடிவாதம் இன்னும் அதிகம். பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும்; ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், யாருக்கும் தெரியாது. கீஸரில் கசிவு வந்து குளிக்கிற கையில் ஷாக் அடிக்கும்போதுதான் தெரியும். குடித்தனம் மாறும் ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்கிறேன். இரண்டு போர்ஷனிலும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறேன், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி, மின்சாரம் கட் ஆகிறதா என்று நானே பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பேன். ஏஜென்ட்டின் பட்டியலில் இது இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

குடியிருப்பவர்கள் பலர் ஏஜென்ட்டையே விரும்புகிறார்கள். அந்த விருப்பத்துக்குக் காரணம் நம்மைப் போன்ற ஹவுஸ் ஓனர்கள்தான். குழாயைப் பார்க்க வந்தேன் என்று நுழைந்து, அடுப்பில் என்ன வேகிறது, வந்திருப்பது யார், துணி எங்கே காய்கிறது என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லவேண்டும் என்கிறது அதே சட்டம். நான் முதல் நாளே வாட்ஸ்ஆப்பில் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் பிளம்பரோடு மாடியேறுகிறேன். வேலை முடிந்ததும் இறங்கிவிடவேண்டும்.

வெளியூரில் இருப்பவர்கள் என்ன செய்வது? ஏஜென்ட் இல்லாமல் அவர்களுக்கு முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அவர் பெயரையும், எதற்கெல்லாம் அவருக்கு அதிகாரம் என்பதையும் குடியிருப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். சட்டமும் அதைக் கேட்கிறது. எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்று வரம்பு வையுங்கள். குடியிருப்பவரிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும். ஒரே இடத்துக்கு இரண்டாவது பில் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ காலில் அந்தச் சுவரைக் காட்டச் சொல்லி, காரணத்தைக் கேளுங்கள். என் நாத்தனார் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

உள்ளூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் குடியிருப்பவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா, தட்டோடு இடுக்கில் விரிசல் இருக்கிறதா, கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் வழியில், வீட்டில் வேறு எதுவும் பழுது உண்டா என்று அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.