கிரேக்க மருத்துவம்: பதிவும் கோட்பாடும்

பண்டைய கிரேக்கர்கள் மருத்துவத்துக்கு இரண்டைக் கொடுத்தார்கள். நோயாளியை நாள்தோறும் கவனித்துக் குறித்துவைக்கும் வழக்கம் ஒன்று. எல்லா நோய்க்கும் ஒரே விளக்கம் தரும் நான்கு நீர்மக் கோட்பாடு மற்றொன்று.

கி.மு. 460 அளவில் காஸ் தீவில் பிறந்த ஹிப்போகிரட்டீஸின் பெயரில் சுமார் 60 நூல்கள் வழங்குகின்றன. அவை பலர் எழுதியவை. வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையைப் பற்றிய நோயே என்று அவற்றுள் ஒன்று வாதிடுகிறது. 'கொள்ளைநோய்கள்' நூலின் முதல், மூன்றாம் பகுதிகளில் 42 நோயாளிகளின் காய்ச்சல், சிறுநீர், உறக்கம், பிதற்றல் ஆகியவை நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன. அவர்களில் 25 பேர் இறந்ததும் மறைக்கப்படவில்லை.

ஹிப்போகிரட்டீஸின் மருமகன் பாலிபஸ் எழுதியதாகக் கருதப்படும் 'மனித இயல்பு' நூல், இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றின் சமநிலையே உடல்நலம் என்றது. குளிர்காலத்தில் சளியும் கோடையில் மஞ்சள் பித்தமும் மிகும். மிகுந்ததைப் பத்தியம், பேதி, குருதி வடித்தல் ஆகியவற்றால் குறைக்க வேண்டும். நோயாளி பிழைத்தால் சமநிலை திரும்பிற்று, இறந்தால் திரும்பவில்லை என்பதால், எந்த முடிவும் இக்கோட்பாட்டைப் பொய்யாக்க இயலவில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸும் எராசிஸ்ட்ரேட்டஸும் மனித உடலை அறுத்து ஆராய்ந்தனர். முன்னவர் நரம்புகளை இனங்கண்டு, நாடித் துடிப்பை நீர்க்கடிகாரத்தால் அளந்தார்; பின்னவர் இதய வால்வுகளை விளக்கினார். அவர்களுக்குப் பின் மனித உடல் ஆய்வு ஏறத்தாழ நின்றுபோயிற்று.

பெர்கமம் நகரில் கி.பி. 129இல் பிறந்த கேலன் விலங்குகளையே அறுத்தார். தமனிகளில் ஓடுவது காற்றன்று, இரத்தமே என்று சோதனையால் நிறுவினார். ஆனால், இதயத்தின் இடைச்சுவரில் இரத்தம் கசியும் நுண்துளைகள் உண்டு என்றும் எழுதினார். அவருடைய உடலியங்கியலுக்கு அவை தேவைப்பட்டன. 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் அத்துளைகளை மறுத்தார். 1543இல் வெசாலியஸின் உடற்கூற்று நூலும், 1628இல் ஹார்வியின் இரத்த ஓட்ட நூலும் கேலனின் அதிகாரத்தைத் தகர்த்தன.

குருதி வடித்தல் மட்டும் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. பாரிஸ் மருத்துவர் பியர் லூயி, நிமோனியா நோயாளிகளின் பதிவுகளை எண்ணி ஒப்பிட்டு, அதன் பயன் மிகச் சொற்பம் என்று 1835இல் நூலாக வெளியிட்டார். தர்க்கத்துக்குப் பிடிகொடுக்காத அந்தச் சிகிச்சைமுறை, இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிய பதிவேட்டின் முன் வலுவிழந்தது.