எவருக்கான அமைதி?

வளைகுடாவின் அமைதி குலையலாகாது என்று வல்லரசுகள் முழங்கும்போதெல்லாம் நாமும் தலையசைத்து விடுகிறோம். அமைதியை வேண்டாதார் எவர்? ஆனால், அவர்கள் அமைதி என்று அழைப்பது எண்ணெய்க் கப்பல்களின் அமைதியையே. மக்களின் அமைதியை அன்று. இது வசைமொழியன்று, வரலாறு தரும் சான்று.

1951-ஆம் ஆண்டு ஈரான் தன் மண்ணின் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கம்பெனி ஈரானுக்கு அளித்த பங்கைவிடப் பிரிட்டிஷ் அரசுக்குச் செலுத்திய வரியே மிகுதி. உரிமை கேட்ட பிரதமர் டாக்டர் முஸத்திக்கை 1953 ஆகஸ்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் சதி செய்து வீழ்த்தின. அமெரிக்க உளவுத்துறையின் ஆவணங்களே 2013-இல் இதனை ஒப்புக்கொண்டுவிட்டன. 1954-இல் மேலைக் கம்பெனிகள் அவ்வெண்ணெயைப் பங்கிட்டுக்கொண்டன.

எண்ணெய் தடையின்றி வந்தாலன்றோ ஏழை நாடுகளும் பிழைக்கும் என்பர் சிலர். மெய்தான், நம் வீட்டு அடுப்பும் அதனால் எரிகிறது. எனினும், எண்ணெய்க்காக முட்டுக்கொடுத்து நிறுத்திய ஷாவின் அரியணை 1979-இல் சரிந்தபோது, எண்ணெய் விலை இருமடங்குக்கு மேல் ஏறியதே! மக்களை மிதித்து நிறுவிய அமைதி, எண்ணெயையும் காக்கவில்லை.

1980-இல் ஈராக் ஈரான்மீது படையெடுத்தது. எட்டாண்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலுக்கு அணிவகுத்தது 1987-இல். அதுவும் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்காக! அக்கடற்படையின் கப்பலொன்று 1988 ஜூலை 3 அன்று ஈரானியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 உயிர்கள் கடலில் மறைந்தன.

பழி முழுவதையும் மேலைநாட்டார் தலையில் சுமத்தி நாம் கைகழுவ இயலாது. 1990 ஆகஸ்டில் குவைத்தை விழுங்கியது அண்டையிலிருந்த முஸ்லிம் நாடே. எண்ணெய்க் கிணறும் கடனும் பற்றிய பிணக்கைப் பேசித் தீர்க்க மனமில்லாத ஆணவம் அது. அன்று அம்மான் வழியாக விமானமேறி மீண்ட ஏறத்தாழ 1,70,000 இந்தியருள், சபுர் சென்றிருந்த நம் பிள்ளைகளும் இருந்தனர். பல்லாண்டு உழைப்பின் பலனைப் பாலைவனத்தில் விட்டு வந்தவர்களைக் கேளுங்கள். அமைதியின் விலை தெரியும்.

ஆதலின், இனி எவரேனும் வளைகுடாவின் அமைதியைப் பேசினால் நாம் ஒன்று கேட்போம்: எவருக்கான அமைதி? அம்மண்ணில் பிறந்தோரும் அங்கு வியர்வை சிந்துவோரும் அச்சமின்றி உறங்கும் அமைதியா? அன்றெனில், அது அமைதியன்று. அடுத்த போருக்கு முந்திய இடைவேளை.