உருண்டு வரும் பாறை எங்கே நிற்கும்?

கொல்லிமலை பாதைக்கு ஒரு பாடம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு பஸ் ஏறினால், வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம். மறு பக்கம், ரோடு போடுவதற்காக வெட்டிய பாறை.

பெரு மழை பெய்தால், மேலே இருக்கும் கல் கீழே வரும். மிளகு மூட்டை சந்தைக்கு இறங்குவதும், நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தப் பாதையில்.

இந்தச் சரிவுகள் எந்த அளவு உறுதியானவை என்று சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவு வெளியாயிற்று.

சரி, கல் பெயர்ந்து விட்டால் எவ்வளவு தூரம் ஓடும்? அதை அறிய நல்ல வழி, கல்லை உருட்டிப் பார்ப்பதுதான்!

துள்ளும் கல்

அமெரிக்காவில் ரிட்சி என்பவர் அதைச் செய்தார். நூற்றுக்கணக்கான கற்களை மலைச் சரிவில் தள்ளி, படம் பிடித்தார். 1963-ல் முடிவைச் சொன்னார்.

சரிவு செங்குத்தாக இருந்தால், கல் நேராக அடிவாரத்தில் விழுகிறது. சாய்வு குறைவாக இருந்தால், உருளுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், பந்து போல் துள்ளுகிறது. துள்ளும் கல் ரோட்டுக்குள் பாயலாம்!

பிறகு ஆரிகன் மாநிலத்தில் சுமார் 11,250 கற்களை உருட்டினார்கள். ரோட்டோரம் எவ்வளவு அகலத்துக்குப் பள்ளம் விட்டால் கல் அதிலேயே தங்கும் என்று கணக்கிட்டு, 2001-ல் வெளியிட்டார்கள்.

சக்கரக் கல்

சுவிட்சர்லாந்தில், கருவி பொருத்திய கான்கிரீட் கற்களை மலையில் உருட்டினார்கள். சில கற்களின் எடை 2½ டன்னுக்கும் அதிகம். சதுரக் கல்லைவிட சக்கரம் போன்ற கல், பக்கவாட்டில் அதிகம் விலகி ஓடியது. எடையைவிட வடிவம் முக்கியம் என்று 2021-ல் தெரிவித்தார்கள்.

நமக்கு என்ன?

மலைப்பாதையில் அகலமான பள்ளம் வெட்ட இடம் ஏது? அங்கே இரும்பு வலையோ, தடுப்புச் சுவரோதான் கை கொடுக்கும். எவ்வளவு உயரம் வேண்டும்? கல் துள்ளும் உயரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். சுவர் குட்டையாக இருந்தால், கல் தாண்டி விடும். செய்த செலவும் வீண்!

சுவிஸ் மலையின் மண் வேறு. கொல்லிமலையின் மண் வேறு. அங்கே கிடைத்த அளவை அப்படியே இங்கே எடுத்துக்கொள்வது சரியாகாது. போக்குவரத்தை நிறுத்தி வைத்து, இந்தச் சரிவிலேயே சில கற்களை உருட்டிப் பார்ப்பது நல்லது.

கல் எந்த நிமிடம் விழும் என்று சொல்வது கடினம். விழுந்தால் எங்கே நிற்கும் என்று கணக்கிடலாம். பஸ்சில் போகிறவரின் உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது.