தரிசு என்றனர், தண்ணீர் தந்த நிலத்தை!



தலைவர் பிறந்தநாளா? மரக்கன்று நடுகின்றோம். மாநாட்டு வெற்றியா? மரக்கன்று நடுகின்றோம். குழி தோண்டி, கன்று ஊன்றி, குடத்து நீர் வார்த்து வீடு திரும்புகையில், நாட்டுக்கு நற்பணி ஆற்றினோம் என்ற நிறைவு நெஞ்சில் நிலவுகிறது. தவறன்று அது. சாலைக்கு நிழல் வேண்டும். ஏரிக்கரைக்குப் பனை வேண்டும். ஆனால், அதே ஆர்வத்துடன் நீலகிரிக்கோ பழனிமலைக்கோ சென்று, மரமின்றிப் பரந்து கிடக்கும் முகட்டுப் புல்வெளியைக் கண்டு, "எவ்வளவு நிலம் வீணாகக் கிடக்கிறது! ஆயிரம் கன்று நட்டால் என்ன?" என்று எவரேனும் கேட்பாராயின், அவர் கரம் பற்றித் தடுப்பதே தோழமைக்கு அழகு என்பேன்.

ஏன் என்கிறீர்களா? அந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவன் வெள்ளையன்!

19ஆம் நூற்றாண்டில் உதகையிலே மாளிகை எழுப்பிக் குடியேறிய ஆங்கிலேயனுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலைக்காடுகளோ மலை மடிப்புகளில் ஒடுங்கிக் கிடந்தன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் புல். வெட்ட மரமில்லாத நிலம், வரி தராத நிலம்; எனவே அவன் ஏட்டில் அதற்குப் பெயர் 'தரிசு'! அந்தத் தரிசிலேதான் தோடர்கள் எருமை மேய்த்தனர். தம் கோயிற்கூரை வேயச் சதுப்பில் விளையும் புல்லைத் தேடிக் கொணர்ந்தனர். அங்கேதான் வரையாடு மேய்ந்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூத்தது. இவையொன்றும் கணக்கிலே ஏறவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் எனப்படும் சீகை மரமும், யூகலிப்டஸ் மரமும் கப்பலேறி வந்து சேர்ந்தன.

வெள்ளையன் போய்விட்டான். அவன் எழுதி வைத்த சொல் போகவில்லை. விடுதலைக்குப் பின்னர், தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டிழைக்கு மரக்கூழ் வேண்டும் என்று நம் ஆட்சித் துறைகளே சரிவு சரிவாக அம்மரங்களை நட்டன. விளைவு என்ன? பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் மரத்தோட்டமாகவும் விளைநிலமாகவும் மாறிப்போயிற்று என்று, செயற்கைக்கோள் படங்களை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2018இல் அறிவித்தது.

"ஆதியில் அங்கே காடுதானே இருந்தது? மனிதன் அழித்ததால்தானே புல்லானது?" என்று வாதிடுவோர் உண்டு. நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய மண்ணை ஆராய்ந்த சுகுமார் முதலான அறிஞர்கள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்பே அங்கே புல்லினம் செழித்திருந்ததை 1993இல் எடுத்துக்காட்டினர். மழுவேந்திய மனிதன் மலையேறுமுன்பே அந்தப் புல் அங்கே இருந்தது!

சரி, புல் போனால் போகட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? உதகையிலுள்ள நடுவணரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார், கிளென்மார்கனில் அருகருகே அமைந்த இரு நீர்ப்பிடிப்புச் சரிவுகளை எடுத்துக்கொண்டு 1968இல் ஓர் ஆய்வு தொடங்கினர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டனர். மற்றொன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் வளர்த்தனர். முதற் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட சரிவு ஈந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் தழைத்த அடுத்த சுற்றில், அக்குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீரளிக்கும் மலையில் நடந்த கதை இது! மேலே புல்லை இழந்தால், கீழே பவானிசாகர்ப் பாசன வாய்க்காலைப் பார்த்து நிற்கும் உழவன் இழக்கிறான்.

நல்லவேளையாக, அரசு விழித்துக்கொண்டது. அயல் களைகளை அகற்றி இயற்கையை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால், மரத்தை வெட்டியதோடு வேலை முடிந்ததா என்பதுதான் இன்று நாம் எழுப்பவேண்டிய வினா.

சீகை விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு உறங்கும். மேலே மரம் வீழ்ந்து வெயில் பட்டவுடன், நாற்றங்கால் போல முளைத்தெழும். அதை ஒடுக்கிவிட்டதாகவே கொள்வோம். விரைவில் பசுமை காட்டவேண்டும் என்று, எங்கும் கிடைக்கும் ஒரே புல்லைப் பரப்பிவிட்டால் போதுமா? தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைதான். படம் எடுத்தால் அழகுதான். ஆனால், அந்தப் பச்சை நிலைக்குமா?

இங்கேதான் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவில் கண்ட உண்மை நமக்குப் பாடமாகிறது. சீடர் கிரீக் என்னுமிடத்தில் டில்மன் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் 207 புல்வெளிப் பாத்திகளை ஆண்டுதோறும் அளந்து வந்தனர். 1988இல் கொடிய வறட்சி தாக்கியது. சிலவகைச் செடிகளே இருந்த பாத்திகள் சுருண்டு விழுந்தன, பலவகை வாழ்ந்த பாத்திகள் தாக்குப்பிடித்தன, விரைந்து மீண்டன. பின்னர் 1, 2, 4, 8, 16 என வகைகளை எண்ணியெண்ணி விதைத்தும் பார்த்தனர். வகை மிகுந்த பாத்தியே ஆண்டுக்காண்டு ஏற்றத்தாழ்வு குறைந்து நின்றது.

காரணம் எளிது. ஒன்றின் வேர் ஆழம் செல்லும். மற்றொன்றின் வேர் மேல்மண்ணைப் பற்றும். ஒன்று முதல் மழைக்கே துளிர்க்கும். மற்றொன்று காலம் தாழ்த்தி எழும். உறைபனியைத் தாங்குவது ஒன்று. நெருப்புக்குப் பின் தழைப்பது வேறொன்று. காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தரும் அவரைக் குலத்துச் சிறுசெடி இன்னொன்று. இந்த ஆண்டு ஒன்று தளரும். அதன் இடத்தை மற்றொன்று நிரப்பும். தனித்தனியே ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் வெளி குலையாது. ஒன்றே ஒன்றை நம்பிய நிலத்துக்கோ, அந்த ஒன்று வீழ்ந்த நாளே இறுதி நாள்!

"விட்டுவிட்டால் தானே வளராதா?" எனலாம். அதே சீடர் கிரீக்கில், உழுது கைவிடப்பட்ட வயல்களை ஆராய்ந்தனர். 91 ஆண்டுகள் கழிந்தும், ஏர் படாத அண்டை நிலத்தோடு ஒப்பிடுகையில், செடிவகையில் முக்கால் பங்குதான் திரும்பியிருந்தது, விளைவில் பாதிதான். அழிக்க ஒரு கோடரி போதும். மீட்க ஒரு தலைமுறை போதாது.

ஆகவே தோழர்களே, நாம் கேட்கவேண்டியது இதுதான். எத்தனை ஏக்கரில் மரம் வெட்டினீர்கள் என்பதோடு நில்லாமல், எத்தனை வகைப் புல்லும் பூஞ்செடியும் மீண்டன என்று கேளுங்கள். அயலூர் விதையை அள்ளித் தூவாமல், அண்டைச் சரிவில் எஞ்சியிருக்கும் புல்லிலிருந்தே விதையும் தூரும் எடுத்து நாற்றங்கால் வளர்க்கச் சொல்லுங்கள். எந்தப் புல் எங்கே விளையும் என்றறிந்த மலைவாழ் மக்களையும், மலைக்கிராமத்துத் தாய்மாரையும் அப்பணியில் அமர்த்தி, முறையான கூலியைப் பல்லாண்டுக்கு உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஓராண்டு ஒப்பந்தக்காரருக்கு ஒப்படைத்துவிட்டுக் கணக்கை மூடும் வேலையன்று இது. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே தலைதூக்கியுள்ள இடங்களும் உண்டு. அங்கே கண்மூடிக் கோடரி வீச வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மீட்பென்ற பெயரால் இன்னோர் அழிவு வேண்டா.

கன்று நடும் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நம் ஊர்த் தெருவிலும் பள்ளி வளாகத்திலும் நடத்துவோம். மலைமுகட்டில் ஒரு கன்றும் ஊன்றாதிருப்பதையே நம் தொண்டாகக் கொள்வோம். 2018இல் பூத்த குறிஞ்சி மீண்டும் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அந்த ஆண்டு மலையேறும் நம் பிள்ளைகள் காணப்போவது பல்வகைப் புல்லிடையே நீலம் போர்த்த சரிவையா, சீகைப் புதரையா என்பது, தரிசு என்ற அந்தச் சொல்லை நாம் எவ்வளவு விரைவில் அடித்துத் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.