புராஸ்டேட் மாத்திரை டப்பாவை முதல்ல கீழ வைங்க

1/ அமெரிக்காவுல இருந்து ஊருக்கு வர்ற பிள்ளைகளோட சூட்கேஸ்ல அப்பாவுக்குன்னு ஒரு டப்பா இருக்கும். "புராஸ்டேட் நலத்துக்கு"ன்னு போட்டிருக்கும். உள்ளே செலினியம், ஜிங்க், வைட்டமின் ஈ. இப்போ நம்ம ஊர்லயே ஆன்லைன்ல கிடைக்குது. 50 வயசைத் தாண்டின ஆண்களும், அவங்களுக்கு இதை வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகளும் இந்த இழையை முழுசா படிச்சிடுங்க.

2/ நான் சிறுநீரகவியல் நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில புறநோயாளிகளைப் பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா இதைச் சொல்ல பெரிய படிப்பு வேண்டாம். இந்த மாத்திரைகளை ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு. முடிவு வந்தும் பல வருஷம் ஆச்சு. டப்பா மட்டும் இன்னும் வித்துட்டே இருக்கு.

3/ இதுக்குப் பின்னாடி ஒரு கதை சுத்துது. "அமெரிக்காவுல கறுப்பின ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம். அவங்க ரத்தத்துல செலினியம் குறைவு. அதனால செலினியம் சாப்பிட்டா புற்றுநோய் வராது." கேட்க அறிவியல் மாதிரியே இருக்கும். முதல் ரெண்டு வரியும் உண்மை. மூணாவது வரிதான் வியாபாரம்.

4/ அங்கே வெள்ளையின ஆண்களோட ஒப்பிட்டா கறுப்பின ஆண்களுக்கு இந்தப் புற்றுநோய் சுமார் 1.7 மடங்கு வருது. இறப்பு சுமார் 2 மடங்கு. சராசரி ரத்த செலினியமும் அவங்களுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனா ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்கிறதாலயே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாது. நிஜமாவே காரணமான்னு தெரியணும்னா மாத்திரையைக் கொடுத்துத்தான் பார்க்கணும்.

5/ முதல்ல நம்பிக்கை வந்தது 1996ல. கிழக்கு அமெரிக்காவுல, மண்ணுல செலினியம் குறைவான பகுதிகள்ல, தோல் புற்றுநோய் வந்த 1,312 பேர்கிட்ட நடந்த ஆய்வு. தோல் புற்றுநோய் குறையலை. ஆனா செலினியம் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 63% குறைவுன்னு தெரிஞ்சது. தேடிப்போனது ஒண்ணு, கிடைச்சது வேறொண்ணு. விளம்பரக்காரங்களுக்கு அது போதும்.

6/ அவங்க சொல்லாத மீதியைச் சொல்றேன். அதே ஆய்வைத் தொடர்ந்து கவனிச்சப்போ, செலினியம் சாப்பிட்டவங்களுக்கு ஒரு வகை தோல் புற்றுநோயும், சர்க்கரை நோயும் கூடுதலா வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிற ஊர் நம்மளது. யோசிச்சுக்கோங்க.

7/ சரி, பெரிசாவே பார்த்துடலாம்னு 2001ல செலக்ட்ங்கிற ஆய்வைத் தொடங்கினாங்க. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ. 35,533 ஆண்கள். மத்தவங்களை 55 வயசுல இருந்து சேர்த்தாங்க. கறுப்பின ஆண்களுக்கு நோய் சீக்கிரம் வருதுன்னு அவங்களை 50 வயசுல இருந்தே சேர்த்தாங்க. தினமும் செலினியம் 200 மைக்ரோகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், ரெண்டும் சேர்த்து, இல்லைன்னா வெறும் டம்மி மாத்திரை.

8/ 2008ல பாதியிலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. செலினியத்தால ஒரு பயனும் இல்லை. 2011ல அடுத்த இடி: வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவங்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% அதிகம். தடுக்கிறதுக்குக் கொடுத்த மாத்திரை, நோயைக் கூட்டியிருக்கு.

9/ 2014ல வந்த முடிவுதான் இந்த இழையோட மையம். ஆய்வு தொடங்கும்போதே எல்லார்கிட்டயும் கால் நகம் வெட்டி வாங்கி வச்சிருந்தாங்க. நகத்தை வச்சு உடம்புல ஏற்கெனவே எவ்வளவு செலினியம் இருந்ததுன்னு கணக்கிடலாம். ஏற்கெனவே அதிகம் இருந்தவங்க செலினியம் மாத்திரை சாப்பிட்டப்போ, தீவிர வகைப் புற்றுநோய் ஆபத்து 91% கூடியிருந்தது. குறைவா இருந்தவங்களுக்கு? அவங்களுக்கும் மாத்திரை பயன் தரலை.

10/ அதாவது இது உரம் மாதிரி இல்லை, போடப்போட விளையறதுக்கு. செலினியம் மண்ணுல இருந்து தானியம் வழியா வருது. சீனாவுல மண்ணுல குறைவான பகுதிகள்ல கேஷான்ங்கிற இதய நோய் வந்தது. நம்ம பஞ்சாப்ல ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் மண்ணுல அதிகமாகி முடியும் நகமும் போச்சு. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 55 மைக்ரோகிராம்தான். டப்பாவுல 200. உங்க அப்பா உடம்புல ஏற்கெனவே எவ்வளவு இருக்குன்னு அந்த டப்பாவுக்குத் தெரியுமா?

11/ "அப்போ ஜிங்க்?" புராஸ்டேட்ல ஜிங்க் நிறைய இருக்கு, அதனால ஜிங்க் சாப்பிடணும்ங்கிறது அடுத்த கதை. அமெரிக்காவுல 46,974 ஆண்களை 14 வருஷம் கவனிச்ச ஆய்வுல, தினம் 100 மில்லிகிராமுக்கு மேல ஜிங்க் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் 2 மடங்குக்கு மேல இருந்தது. இது கவனிப்பு ஆய்வுதான், நிரூபணம் ஆகாது. ஆனா நன்மைன்னு சொல்லவும் இடமில்லை. போதாததுக்கு அதிக ஜிங்க், தாமிரச் சத்தைக் குறைச்சு ரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் தரும்.

12/ ஜிங்க் மேல எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கூட 14 நாள் ஜிங்க் நாங்களே இலவசமா தர்றோம். அங்கே தேவை இருக்கு, அளவு இருக்கு, முடிவு தேதி இருக்கு. டப்பாவுல இந்த மூணுமே இல்லை.

13/ மறுபடி அந்தக் கறுப்பின ஆண்கள் விஷயம். அவங்களுக்கு நோய் அதிகம் வர்றதுல மரபணுவுக்குப் பங்கு இருக்கு. இறப்பு அதிகம் ஏன்? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்குது. அங்கே சிகிச்சை பெற்ற சுமார் 60,000 பேரைப் பார்த்தப்போ, நோய் கண்டுபிடிச்ச பிறகு கறுப்பின ஆண்களுக்கு இறப்பு கூடுதலா இல்லை. அந்த இடைவெளியை மூடினது செலினியம் இல்லை, சமமான மருத்துவம். மருத்துவம் கிடைக்காததைச் சத்துக் குறைபாடுன்னு பேர் மாத்தி, அதுக்கும் ஒரு மாத்திரை விற்கிறது எவ்வளவு பெரிய அநியாயம்?

14/ அமெரிக்காவுல 1994 சட்டப்படி, இந்த மாதிரி டப்பா வேலை செய்யும்னு நிரூபிச்சுட்டுத்தான் விற்கணும்னு கட்டாயம் இல்லை. நம்ம நாட்டுலயும் இவை உணவு வகையிலதான் வருது. அதனாலதான் "புற்றுநோயைத் தடுக்கும்"னு எழுதாம "நலத்துக்கு"ன்னு எழுதுறாங்க.

15/ அப்போ என்ன செய்யணும்? சிறுநீர் சொட்டுச் சொட்டா போறது, ராத்திரி பல தடவை எழுந்திருக்கிறது, சிறுநீர்ல ரத்தம், விடாத முதுகு எலும்பு வலி இருந்தா டாக்டர்கிட்ட வாங்க. பாதிப் பேருக்கு வெறும் வீக்கமாத்தான் இருக்கும்னு வீட்லயே முடிவு பண்ணாதீங்க. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தா, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையான்னு முன்னாடியே கேளுங்க. பீடி, சிகரெட்டை விடுங்க. நுண்தனிமம் பத்திக் கவலைன்னா, காட்மியம் உடம்புக்குள்ள போற முக்கிய வழிகள்ல அந்தப் புகையும் ஒண்ணு.

16/ மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருந்தா பதற வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததுன்னா அவர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நீங்களா வாங்கினதுன்னா இன்னிக்கே நிறுத்துங்க. அப்பாவுக்கு அடுத்த தடவை டப்பா வேண்டாம். கூட்டிட்டு வாங்க, பார்த்துடலாம். அரசு மருத்துவமனையில சீட்டுக்குக் காசு கிடையாது.