கம்பிக்குப் பூச்சு

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் அண்ணன் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். 2023-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்துவிட்டது. கம்பி வைத்தார்கள். ஆறாவது வாரம் சீழ் வடிந்தது. கம்பியை எடுப்பதும் கழுவுவதும் மீண்டும் வைப்பதுமாக மூன்று அறுவைகள். அரைக் காணி நிலமும் போயிற்று. “நீ படிப்பது உலோகந்தானே தம்பி, இதற்கொரு வழி சொல்லேன்” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உயிரற்ற பொருள் உடலுக்குள் புகுந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். லட்சக்கணக்கில் கிருமி நுழைந்தால்தான் சீழ் பிடிக்கும் என்ற இடத்தில், தையல் நூல் ஒன்று இருந்துவிட்டால் சில நூறே போதும் என்று எலெக், கோனென் என்னும் இருவர் 1957-இல் காட்டினர். 1987-இல் கிரிஸ்டினா இதனை ஓட்டப்பந்தயம் என்றார்: உலோகத்தின் மேற்பரப்பில் முதலில் குடியேறுவது உடலின் உயிரணுவா, கிருமியா? கிருமி முந்தினால் வழவழப்பான படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். பிறகு எத்தனை ஊசி போட்டாலும் எளிதில் அசையாது.

ஆகவேதான் பூச்சு. ஜென்டாமைசின் பூசிய கம்பிகளை ஐரோப்பாவில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோயால் எலும்பு இழந்தவர்களுக்கு வெள்ளி பூசிய மாற்றெலும்பு வைக்கிறார்கள். ஜப்பானில் கனஸாவா நகரத்தார் டைட்டானியத்தில் அயோடினை ஏற்றினர்.

ஆனால் பூச்சு என்றதும் நாம் மயங்கிவிடுகிறோம். அளவு மீறினால் வெள்ளி எலும்பணுவையும் கொல்லும். மருந்து கசிந்து கொஞ்சமாய் எஞ்சும் நாளில் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளலாம். எலும்புக் குழலுக்குள் சுத்தியலால் அடித்து இறக்கும்போது பூச்சு உரிந்துபோனால் என் செய்வது? கண்ணாடித் தட்டில் கிருமி செத்ததோடு நம் ஆய்வுரைகள் பல முடிந்துவிடுகின்றன. என்னுடையதும் அப்படித்தான் முடிய இருந்தது! இங்கிலாந்தில் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றியபோது, அறையின் காற்றையும் மருத்துவர் உடையையும் தூய்மையாக்கியே, சுமார் 7 விழுக்காடாக இருந்த சீழ்த்தொல்லையை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். இதை மறந்துவிட்டுப் பூச்சை மட்டும் நம்புவது பேதைமை.

நான் பூச்சு வேண்டாம் என்பவனல்லன். அது முதலில் யாருக்கு என்பதே என் கேள்வி. செல்வர் வீட்டு முழங்கால் மூட்டுக்கல்ல. மண்ணும் தாருமாய்த் தெருவில் கிடந்த காலுக்கே முதலில் வேண்டும். அங்கேதான் சீழ் மிகுதி. விலையும் அந்தக் காலுக்கு உரியவர் தாங்குமளவில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடையெலும்பு வாங்கப் போகிறேன். பூசிய கம்பியை அதில் அடித்து இறக்கி, உருவி எடுத்து, என்ன மிஞ்சுகிறதென்று பார்க்க வேண்டும். சுத்தியல் பிடிக்க ஓர் ஆள் தேவை. விரும்பும் நண்பர் உலோகவியல் ஆய்வுக்கூடத்துக்கு வரலாம்.